மல்லசமுத்திரத்தில் பெயர் கொடுத்தவர்கள்

1

சாட்சி சொல்ல உங்களைத்தான் அழைக்கிறேன், வாசகரே. நீங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவராகவே இருக்க வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பேருந்தில் ஏறி, வாழப்பாடியில் ஒருமுறை இறங்கித் தேநீர் குடித்திருந்தால் போதும். திருச்செங்கோட்டுப் பக்கம் போனபோது மல்லசமுத்திரம் சந்தை நெரிசலில் ஒருமுறை மாட்டிக்கொண்டிருந்தால் போதும். மேட்டூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தால் போதும். உங்களிடம் நான் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி. அந்த ஊர்களில் மனிதர்கள் வசிக்கிறார்களா, இல்லையா?

சிரிக்காதீர்கள். இல்லை என்று சொன்ன வரைபடம் ஒன்றை நான் என் கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், நான் ஞாயிறுதோறும் வழிபடும் ஆலயத்தின் கூடத்தில், அது சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. அந்த வரைபடத்தோடு நான் நடத்திய வாதத்தை உங்கள் முன் வைக்கிறேன். கல்லூரி நாட்களில் எத்தனையோ மேடைகளில் எதிரணியாகவும் ஆதரவணியாகவும் நின்று பேசியவன் நான். கேடயங்கள் என் தாயார் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கின்றன. அங்கெல்லாம் தலைப்பை நடுவர் கொடுத்தார். இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் என் அண்ணனே தலைப்பாக இருந்தான்.

2

முதலில் எங்கள் சபையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லுத்தரன் சபைகளில் பெரியவை உண்டு. அவற்றின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நீங்கள் அறிவீர்கள். எங்களுடையது அவற்றில் ஒன்றிலிருந்து கொள்கை வேறுபாட்டால் பிரிந்துவந்த மிகச் சிறிய சங்கம். அதன் ஆலயங்கள் மின்னசோட்டாவின் சோயா வயல்களுக்கு நடுவே சில, டகோட்டா மாநிலங்களில் சில, நார்வே நாட்டின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒன்று. இவற்றுக்கு எவ்வகையிலும் பொருந்தாத இன்னோர் இடத்திலும் அது வேர்பிடித்தது: சேலம், நாமக்கல் சமவெளி. சேலம் நகரத்தில் ஓர் ஆலயம், வாழப்பாடியில் ஒன்று, மேட்டூர் குடியிருப்பில் ஒன்று, மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒன்று. பல தலைமுறைகளுக்கு முன் அதே பிடிவாதத்தோடு கப்பலேறி வந்த ஒரு மிஷனரியின் கைவேலை அது.

நாமக்கல்லில் கோழித் தீவனத்தைப் பற்றிப் படித்தேன். அந்தப் படிப்பு என்னை வான்கோழிகளின் தேசத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. காலையில் எழுந்து, வண்டியின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, தீவன ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். வந்த புதிதில் "என் நேட்டிவ் மல்லசமுத்திரம்" என்று அறிமுகம் செய்துகொண்டேன். கேட்டவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அது எந்தப் பழங்குடி என்று விசாரித்தார்.

ஊர் மாறினாலும் சபை மாறவில்லை என்பதே என் பெருமை. பத்து மைல் சுற்றளவில் பெரிய சபைகளின் அழகான ஆலயங்கள் இருக்க, எங்கள் சங்கத்தின் சிறிய மரக்கட்டடத்தைத் தேடிப் போய், மனைவி எஸ்தரோடும் மகள் ரூத்தோடும் உட்கார்ந்தேன். அங்கே எங்களை வாசலுக்கு வந்து அழைத்துக்கொண்டவர் ஹெரால்ட் என்ற முதியவர். சோயா விவசாயி, இப்போது நிலத்தை மகனிடம் விட்டுவிட்டார். பனியில் வண்டி வழுக்கினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பனி அள்ளும் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காதவரும் அவர்தான். நன்றி மறவாமல் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பின்னால் அவரைத்தான் எதிரணியில் நிறுத்தப்போகிறேன்.

சங்கத்தின் அலுவலகத்துக்கும் நமக்கும் ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. நம் ஊரில் தந்தை பெயர் முதலெழுத்தாக நிற்கும்; அங்கே அது குடும்பப் பெயராகிவிடும். எங்கள் தந்தையார் பெயர் சாமுவேல். வாழப்பாடியிலும் மேட்டூரிலும் வேறு சாமுவேல்கள் இருந்தார்கள். எங்களோடு எந்த உறவும் இல்லாதவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அனைவரையும் அலுவலகம் 'சாமுவேல் குடும்பம்' என்று ஒன்றாக்கி, சேலம் நகர முகவரி ஒன்றில் குடிவைத்தது. இவ்வளவு பெரிய குடும்பம் ஒரே வீட்டில் எப்படி வாழ்கிறது என்று ஓர் அம்மையார் என்னிடம் உருக்கத்தோடு கேட்டார். நான் திருத்தங்கள் எழுதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. சாமுவேல்கள் பிரிக்கப்படவில்லை.

இந்த ஆண்டு சங்கத்துக்கு ஆண்டு நிறைவு விழா. அதை முன்னிட்டுத்தான் புதிய வரைபடம் வந்தது. உறுப்பினர்கள் வாழும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. டகோட்டாவின் பொட்டல்வெளியில் தனித்தனியாகப் புள்ளிகள். நார்வேயில் ஒரு சிறு கொத்து. அரிசோனாப் பாலைவனத்தில்கூட ஒரு புள்ளி. தமிழ்நாடு இருக்க வேண்டிய இடத்தில் வெளிர் மஞ்சள் வண்ணம் பூசி, 'ஊழியப் பகுதி' என்று எழுதி, அழகுக்கு ஒரு தென்னை மரமும் ஒரு யானையும் வரைந்திருந்தார்கள்.

என் மகள் ரூத்துக்கு ஆறு வயது. நாற்காலி மேல் ஏறி நின்று, மின்னசோட்டாப் புள்ளியில் விரலை வைத்து, "அப்பா, இது நாம" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், அவளுக்கு இப்போது தமிழ் கேட்டால் புரியும், பேசத்தான் வருவதில்லை. பிறகு கண்ணை இங்குமங்கும் ஓட்டிவிட்டுக் கேட்டாள்: "பெரியப்பா எங்கே?"

மஞ்சளைக் காட்டினேன்.

"அங்கே யானைதான் இருக்கு" என்றாள்.

3

அவளுடைய பெரியப்பா, என் அண்ணன் சாலமோன், ரிக் வண்டியில் வேலை பார்க்கிறான். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகளைத் திருச்செங்கோட்டுச் சாலையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் துளையிடும் இயந்திரம், இன்னொன்றில் குழாய்களும் சமையல் சாமான்களும். இரண்டும் சேர்ந்து புறப்பட்டால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஆண்டின் பெரும்பகுதி திரும்புவதில்லை. எங்கள் ஊர் ஆலயத்தின் ஆண்களில் பாதிப்பேருக்கு இதுதான் பிழைப்பு. மழைக்காலத்தில் சில நாள் ஊருக்கு வருவார்கள். வந்த களைப்புத் தீரும் முன் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

எங்கள் ஆலயத்தில் நற்கருணை, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் வழிபாடு, மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முந்திய நாள், சனிக்கிழமை மாலை, பங்குபெற விரும்புகிறவர்கள் போதகரிடம் சென்று பெயர் கொடுக்க வேண்டும். போதகரை நாங்கள் ஐயர் என்போம். இப்போதிருப்பவர் ஏசுதாசன் ஐயர். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, மனத்தாங்கல் ஏதும் உண்டா, யாரோடாவது பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டு, பெயரை எழுதிக்கொள்வார். இது பழைய லுத்தரன் ஒழுங்கு. ஐரோப்பாவிலேயே பல இடங்களில் மறந்துபோன இந்த ஒழுங்கை எங்கள் ஊர் இன்றுவரை விடவில்லை.

அதில் எங்கள் ஊர்ப் பெண்கள் தாங்களாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். தங்கள் பெயரைக் கொடுக்கும்போது, ரிக்கில் போயிருக்கும் கணவன் பெயரையும் மகன் பெயரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்பதையும் சொல்வார்கள். மறுநாள், அப்பத்தையும் ரசத்தையும் பகிர்வதற்கு முன்னால், ஐயர் அந்தப் பெயர்களையும் வாசிப்பார். "சாலமோன், ராய்ப்பூர்ப் பக்கம். தானியேல், ஜோத்பூர்ப் பக்கம். யோபு, வண்டி பழுதாகி நாக்பூரில்." சபையார் ஒவ்வொரு பெயருக்கும் ஆமென் சொல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது இந்திய நாட்டின் ஊர்களை அந்த ஜெபத்திலிருந்துதான் கற்றேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் ஆட்கள் தொலைந்துபோகவில்லை என்பதை உரக்கச் சொல்லும் வழக்கம் அது.

சங்கத்தின் அலுவலகத்தில் ஒரு குழு உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. கொடுத்த பெயர்கள் இத்தனை. செலவான அப்பங்கள் இத்தனை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. குழு முடிவுக்கு வந்தது: மல்லசமுத்திரத்தில் உறுப்பினர் எண்ணிக்கையை மிகைப்படுத்துகிறார்கள். ஆகவே பரிந்துரை: ஓராண்டு முழுவதும் நற்கருணை பெறாதவர்களின் பெயரை நீக்குவது, அப்படி நீக்கியபின் ஒரு போதகரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆள் தேறாத ஆலயத்தைப் பக்கத்து ஆலயத்தோடு இணைத்துவிடுவது. கணக்கைச் சரிபார்த்து முடிக்கும்வரை தமிழ்நாட்டு ஆலயங்கள் எதற்கும் வரைபடத்தில் புள்ளி கிடையாது.

நேரடியாகச் சொல்கிறேன். இந்தப் பரிந்துரை நிறைவேறினால் என் அண்ணன் பெயர் போகும். அவனைப் போன்றவர்கள் பெயரெல்லாம் போகும். ஐயரைச் சேலத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பலிபீடத்தில் விளக்கேற்ற ஆளிருக்காது. பரிந்துரை ஆண்டுப் பேரவையில் வாக்கெடுப்புக்கு வருவதாக இருந்தது. ஐயரைப் பேரவைக்கு அழைக்கும் கடிதம், சாமுவேல்கள் குடியிருக்கும் அதே சேலம் முகவரிக்குப் போய், விசா கேட்கும் காலமெல்லாம் கடந்தபின் அவர் கைக்கு வந்தது. எங்கள் மின்னசோட்டா ஆலயத்தின் பிரதிநிதியாக நான் போனேன். பரிந்துரைத்த குழுவின் தலைவர் ஹெரால்ட்.

4

பேரவைக்கு முந்திய சனிக்கிழமை, எங்களுக்குக் காலை, அவர்களுக்கு மாலை. அண்ணியை அழைத்தேன். அண்ணி ராகேல் ஆலயத்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பெயர் கொடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

"ஏனுங்க கொழுந்தனாரே, இந்நேரத்துல? ஊட்டுல எல்லாஞ் சௌக்கியந்தானுங்க?"

"சௌக்கியம் அண்ணி. அண்ணன் பேரைக் குடுத்தீங்களா?"

"குடுக்காம? இப்ப பிலாஸ்பூர்ப் பக்கம் நிக்குதாமுங்க வண்டி. ஐயரு எழுதிக்கிட்டாரு."

நான் குழுவின் கணக்கை விளக்கினேன். பெயர் அதிகம், அப்பம் குறைவு, ஆகவே பொய்க் கணக்கு என்று சொல்கிறார்கள் என்றேன். அண்ணி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார், பக்கத்தில் நின்ற பெண்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார்.

"ஏஞ் சாமி, அந்தூர்ப் பொம்பளைங்க புருசனை வெளியூருக்கு அனுப்புனதே இல்லீங்களா? எல்லாரும் அவியவிய ஊட்டுக்காரரை மடியிலயே வெச்சிருக்காங்களாக்கும்?"

"அண்ணி, இது வெளையாட்டு இல்லீங்க. ஐயரைச் சேலத்துக்கு எடுத்துருவாங்க."

சிரிப்பு நின்றது. "எடுத்துட்டா?" என்றார். "எடுத்துட்டா எங்கூட்டுக்காரரு பேரை நான் யாருகிட்டப் போய்க் குடுக்கறது? பஸ்ஸேறிச் சேலம் போயா? அங்கத்த ஐயருக்கு இவரு மூஞ்சியாச்சுந் தெரியுமா?"

அண்ணனை அதே அழைப்பில் இணைத்தேன். அவன் முகம் வருவதற்கு முன் ரிக்கின் கம்ப்ரஸர் சத்தம் வந்தது.

"என்றா தம்பி, உன்ற வான்கோழியெல்லாம் நல்லாத் தின்னுதா?"

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அங்க பக்கத்துல ஒரு சர்ச் இருக்குன்னு சொன்னியே. அங்க நற்கருணை எடுத்தியா?"

"கூப்புட்டாங்க. அந்தப் பாஸ்டர் தங்கமான மனுசன்டா. கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி போட்டாரு, மூணு தட்டு சாப்புட்டேன். அப்பம் குடுக்க வந்தாரு, வேண்டாமுங்கன்னுட்டேன்."

"ஏன்?"

"ஏனா? மொத நற்கருணைக்கு முன்னாடி திடப்படுத்தல் வகுப்புல என்ன சொல்லிக் குடுத்தாங்க? வேற கொள்கைக்காரங்க பலிபீடத்துல வாங்கக் கூடாது, நம்மளுதுலதான் வாங்கணும்னு. நீ முன்வரிசைல உக்காந்து தலையாட்டுன. நான் பின்னால உக்காந்திருந்தா தூங்கிட்டிருந்தேன்னு அர்த்தமா?"

"தூங்குனீங்க" என்றார் அண்ணி.

"பாதி தூங்குனேன். இது முழிச்சிருந்த பாதி."

"அப்ப ஊருக்கு வந்தப்ப வாங்கியிருக்கலாமில்ல?"

"நான் வந்தது ரெண்டாவது ஞாயித்துக்கெழம முடிஞ்சு. நற்கருணை மொத ஞாயிறு. அதுக்குள்ள மொதலாளி போன் மேல போன். போன வருசமும் அப்புடித்தான். ரெண்டு வருசமாச்சுடா, வாயில படல." அவன் குரலில் கேலி போய்விட்டது. "பேரை எடுத்துருவாங்களா?"

"எடுக்க விடமாட்டேன்" என்றேன்.

"பேசியா?" என்றான். கம்ப்ரஸர் சத்தத்தில் அவன் சிரித்தானா என்று தெரியவில்லை.

5

பேரவை, எங்கள் ஆலயத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிறு நகரத்துப் பள்ளிக் கூடத்தில் நடந்தது. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். நம் மேடைகளில் மணி அடிப்பார்கள்; மணியையும் மீறி ஒரு வாக்கியத்தைப் பேசி முடித்தால் கைதட்டல் கிடைக்கும். இங்கே விளக்கு எரிந்தபின் பேசுவது திருட்டுக்குச் சமம்.

நான் கட்டிவைத்திருந்த உரையைப் பேசினேன். சத்தியத்துக்காகப் பிரிந்த சிறு கூட்டம் இன்னொரு சிறு கூட்டத்தை எண்ணிக்கை குறைவென்று தள்ளலாமா என்று தொடங்கி, அடுக்கடுக்காக ஏறி, உச்சியில் ஒரு நொடி நிறுத்தினேன். நம் ஊரில் அந்த நொடியில் அரங்கம் அதிரும். இங்கே ஒருவர் தும்மினார். முடித்ததும் மரியாதையாக மூன்று நான்கு கைகள் தட்டின. முதல் வரிசையில் ஓர் அம்மையார் அடுத்தவரிடம் என் ஆங்கிலம் மிக நன்றாக இருப்பதாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இந்த மண்ணில் அழகாகப் பேசுகிறவனை நம்பமாட்டார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதற்காக என் பேச்சை நான் குறைத்துக்கொள்ளவில்லை. கேட்பவருக்குச் செவி பழகவில்லை என்றால் அது பேச்சின் குற்றமாகாது.

ஹெரால்ட் எழுந்தார். தாளெதுவும் கையில் இல்லை.

"இந்தச் சகோதரர் எனக்கு அன்பானவர்" என்றார் ஆங்கிலத்தில். "நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் அண்ணன் சென்ற ஆண்டு நற்கருணை பெற்றாரா?"

"இல்லை" என்றேன்.

"அதற்கு முந்திய ஆண்டு?"

"இல்லை."

அவர் உட்காரப் போனார். அரங்கில் தலைகள் அசைந்தன. வழக்கு முடிந்ததென்று நினைத்தார்கள்.

"ஏன் பெறவில்லை என்று கேளுங்கள்" என்றேன்.

பேரவைத் தலைவர் விளக்கைப் பார்த்தார்; ஹெரால்டின் நேரம் தீராததால் அது இன்னும் பச்சையாக இருந்தது. ஹெரால்ட் நின்றபடியே, "ஏன்?" என்று கேட்டார்.

"அவன் வண்டி நின்ற இடத்தில் ஓர் ஆலயம் இருந்தது. அந்தப் போதகர் அவனை வருந்தி அழைத்தார். அங்கே பெற்றிருந்தால் அவன் பசி தீர்ந்திருக்கும். அவன் பெறவில்லை. கொள்கை ஒன்றாத பலிபீடத்தில் பெறக் கூடாதென்று இந்தச் சங்கம் கடல் தாண்டி வந்து எங்களுக்குக் கற்பித்தது. இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் பேரப்பிள்ளைகளின் திருமணத்துக்குப் போன இடத்தில், யாரும் பார்க்கவில்லை என்று வேறு சபையில் கைநீட்டியிருக்கிறீர்கள்? நான் கேட்கவில்லை, நீங்கள் சொல்லவும் வேண்டாம். என் அண்ணன், கேட்பாரற்ற ஊரில், எண்ணெய் படிந்த கையோடு நின்று, வேண்டாமுங்க என்றான். உங்கள் போதனைக்குக் கீழ்ப்படிந்ததால் அவன் அப்பம் குறைந்தது. அப்பம் குறைந்ததால் அவனை நீக்குகிறீர்கள். கீழ்ப்படியாமல் இருந்திருந்தால், எங்கோ வாங்கினேன் என்று சொல்லி அவன் இன்று உறுப்பினராக இருந்திருப்பான்."

இந்த முறை யாரும் தும்மவில்லை.

ஹெரால்ட், எதிரணிக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று அறியாமல், நல்ல மனத்தோடு ஒன்றைச் சொன்னார். "தூரத்தில் இருப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். நிலத்தை மகனிடம் விட்டபிறகு நாங்களும் குளிர்காலம் முழுவதும் அரிசோனாவில்தான் இருக்கிறோம். ஆனால் அங்கே மாதத்துக்கு ஒருமுறை நம் போதகர் விமானத்தில் வந்துவிடுகிறார். முதியோர் குடியிருப்பின் விளையாட்டறையில் மேசை போட்டு நற்கருணை கொடுக்கிறார். அதனால் எங்கள் பெயர் விட்டுப்போவதில்லை."

வாசகரே, கல்லூரி நாட்களின் மேடைப் பயிற்சியெல்லாம் இந்த ஒரு நொடியை அடையாளம் காண்பதற்காகத்தான். பாலைவனத்தில் இருந்த அந்தச் சிவப்புப் புள்ளி எப்படி வந்தது என்று எனக்கு விளங்கியது.

"நன்றி" என்றேன். "அப்படியானால் நம் பலிபீடம் பயணம் போகும். உங்களில் குளிருக்கு ஒதுங்கியவர்களைத் தேடி அது ஆகாயத்தில் பறந்து, சீட்டாடும் மேசையில் இறங்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது சரி என்கிறேன். அதே பலிபீடத்துக்கு லாரியில் ஏறத் தெரியாதா? குளிருக்காகப் போனவரைத் தேடிப் போக வேண்டும், கூலிக்காகப் போனவன் தானாகத் திரும்பி வர வேண்டும் என்று எந்த வேதத்தில் இருக்கிறது? எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் விடச் சரியாகக் கணக்கு வைத்தார்கள். யார் இருக்கிறார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார்கள். தேடிப் போவதற்கு முகவரி கொடுத்தார்கள். நீங்கள் அதைப் பொய்க் கணக்கு என்று..."

சிவப்பு விளக்கு எரிந்தது. நம் ஊர் மேடையாக இருந்தால் வாக்கியத்தை முடித்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அது பணிவினால் வந்ததன்று. மீதியை அவர்களே முடித்துக்கொள்ளட்டும் என்ற திமிரில்.

வெகுநேரம் விவாதித்தார்கள். என் உரையைக் கேட்டு உருகி எல்லாரும் என் பக்கம் வந்தார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. விதி விதிதான் என்று ஒருவர் மூன்றுமுறை சொன்னார். கடைசியில் டகோட்டாவிலிருந்து வந்த இளம் போதகர் ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார்: பெயர் நீக்கம் அடுத்த பேரவை வரை நிற்கட்டும்; அதற்குள் சொந்தப் போதகரின் கையால், எந்த இடத்திலாயினும், நற்கருணை பெற்றவர் உறுப்பினர்; பெறாதவர் நீங்குவார். திருத்தம் நிறைவேறியது. ஹெரால்ட் அதற்குக் கைதூக்கினார். வெற்றியா தோல்வியா என்று கேட்டால், தவணை என்பேன்.

6

வாக்கெடுப்பு முடிந்ததும் கூடத்தின் பின்புறம் காப்பிக்குக் கூடினார்கள். இங்கே எந்தச் சண்டையும் காப்பியில்தான் முடியும். ஹெரால்ட் இரண்டு கோப்பைகளோடு என்னிடம் வந்தார்.

"நன்றாக அடித்தாய்" என்றார். "என் வாயாலேயே என்னை அடித்தாய்."

"கற்றுக்கொடுத்தபடி செய்தேன். வழுக்கினால் பிரேக்கை மிதிக்கவில்லை."

அவர் சிரித்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உங்கள் போதகர் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போனதில்லை, அவருக்கு இந்தி தெரியாது, முழங்கால் வலி என்று நீயே சொல்லியிருக்கிறாய். லாரிகள் நிற்கும் இடங்களுக்கு அவரை யார் கொண்டுபோவது? எங்கள் குழுவால் முடியாது. நீ பேசுவாய், அது தெரியும். போவாயா?"

சுற்றி நின்றவர்கள் காப்பியை உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். அண்ணன் கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்டதையே இவர் வேறு மொழியில் கேட்கிறார். மேடையில் பேசுகிறவனைப் பார்த்து உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்வி அது. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. எனினும் அன்று அதற்கு விடை சொல்ல மூன்று நிமிடம் தேவைப்படவில்லை.

கைப்பேசியை எடுத்து, அனைவர் முன்னிலையிலும், ஒலியைக் கூட்டி வைத்து அண்ணியை அழைத்தேன். அங்கே இரவு வெகுநேரமாகியிருந்தது; அண்ணி தூங்காமல் காத்திருந்தார்.

"என்னாச்சுங்க கொழுந்தனாரே? எடுத்துட்டாங்களா பேரை?"

"எடுக்கல அண்ணி. அடுத்த வருசம் வரைக்கும் டைம். அதுக்குள்ள நம்ம ஐயரு கையால வாங்கணும். எங்க வெச்சு வாங்கினாலும் சரி."

"அவருதான் பிலாஸ்பூர்ல கெடக்கறாரே. ஐயரு இங்க முட்டிவலியில கெடக்கறாரு. ரெண்டும் எப்புடிச் சேரும்?"

ஹெரால்டுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் குனிந்து கவனித்தார். அவருக்காகப் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். முதலில் சொன்னது, உரக்கச் சொன்னது, தமிழில்தான். பேரவைக் கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

"அண்ணி, ஐயர்கிட்டச் சொல்லுங்க. என்ற வருச லீவு மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு நான் ஊருக்கு வாரேன். பைப் லாரி கேபின்ல அவருக்கொரு எடம், எனக்கொரு எடம் ஒதுக்கி வெக்கச் சொல்லி அண்ணன்கிட்டச் சொல்லுங்க. முட்டி மடங்கலைன்னா நான் தூக்கி ஏத்தறேன். பிலாஸ்பூரோ, ஜோத்பூரோ, நீங்க சனிக்கெழம பேர் குடுத்த ஒவ்வொருத்தரையும் அவரவர் ரிக் நிக்கற எடத்துலயே போய்ப் பாக்கறோம். ஒருத்தரைக்கூட விடமாட்டேன்."